ஆறு கோழியும் ஏழு நாள் கெடுவும்

பினாயிலக்கா வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? சொல்லிவிட்டார்கள். வாயால் சொல்லியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

இருபத்தெட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வை பார்த்தவள் அவள். அவளுடைய வார்டுக்குள் நுழையும்போது பெரிய பெரிய டாக்டர்களே ஒரு தடவை குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். கட்டிலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவுவாள், தரையைத் துடைத்தவளின் முகத்துக்கு நேரே அந்த விரலை நீட்டுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த விரலுக்குப் பயந்தே மூன்று பேர் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு ஓடினார்கள். பினாயிலக்கா என்ற பட்டப்பேர் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். ஓய்வு பெற்றபோது பேரும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

ஓய்வுக்குப் பிறகு முதல் மாதம் அவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். இரண்டாம் மாதம் புருஷனின் பட்டறைக்குள் துடைப்பத்தோடு நுழைந்தாள். புருஷன் தச்சர். முன்னறைதான் அவருக்குப் பட்டறை. அவர் இழைப்புளியைத் தள்ளத் தள்ள மரச்சீவல் சுருள் சுருளாக விழும். விழுந்த சுருள் தரையைத் தொடும் முன்னே இவள் முறத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். மனுஷன் நிம்மதியாக ஒரு பலகையை இழைக்க முடியவில்லை. மூன்றாம் மாதம் அவரே போய் ஆறு கோழிகளை வாங்கிவந்து, கொல்லைப்புறத்தில் கூடும் அடித்துக் கொடுத்து, "இந்தா, இதுங்கள மேய்ச்சுக்கோ. என்னை விட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் கோழிகளோடு ஒட்டிக்கொண்டாள். கறுப்பி என்ன, கொண்டைக்காரி என்ன, யாரையும் கிட்டே சேர்க்காத மகாராணி என்ன, ஆறுக்கும் தனித்தனியாகப் பேர் வைத்தாள். காலையில் கூட்டைத் திறந்ததும் ஆறும் அவள் கால்களுக்கிடையே புகுந்து ஓடும்போது அவளுக்கு மறுபடியும் வார்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தினமும் இரண்டு வேளை கூட்டுக்குள் வாளி வாளியாகத் தண்ணீரை அடித்துக் கழுவினாள். காற்றுப் பட்டுக் கோழிக்குச் சளி பிடிக்கக்கூடாதென்று கூரைக்குக் கீழே இருந்த இடைவெளியை எல்லாம் சாக்கு வைத்து அடைத்தாள். அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில்தான் அந்தத் திங்கட்கிழமை காலை சுகாதார அதிகாரி வந்து வண்டியை நிறுத்தினார்.

அதிகாரி ஒரு பெண். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கொல்லைக்கு வந்தார், கூட்டுக்கு ஐந்தடி தூரத்தில் நின்றார், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"கண்ணெல்லாம் எரியுதேம்மா. பக்கத்து மாடி வீட்டுல இருந்து மூணு தடவை புகார் வந்திருக்கு. ஏழு நாள் டைம் தரேன். அடுத்த திங்கக்கிழமை வரும்போதும் இப்படியே இருந்தா கோழிங்கள எடுத்துட்டுப் போயிடுவோம். வேற வழியில்ல."

பினாயிலக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாடி வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். அவருடைய மேஜை ஜன்னலோரம். ஜன்னலோ நேரே கூட்டின் தலைக்கு மேலே. மூன்று மாதமாக அந்த ஜன்னல் சாத்தியே கிடந்தது. 'வெயிலுக்குச் சாத்தியிருக்கிறார்' என்றுதான் இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், தன் மூக்கை நம்பியவள். இருபத்தெட்டு வருஷம் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் குடித்த மூக்கு அது. அதற்குக் காரமான எந்த நெடியும் சுத்தத்தின் வாசனைதான்.

"நாத்தமாம் நாத்தம்! யார்கிட்ட சொல்றாங்க? நான் காட்டறேன் இவங்களுக்கு" என்று சேலையை வரிந்து கட்டினாள்.

காட்டினாள், சும்மா இல்லை. இரண்டு வேளை கழுவியவள் நான்கு வேளை கழுவினாள். தண்ணீரோடு பிளீச்சிங் பவுடரையும் வாரி இறைத்தாள். புதன்கிழமை மத்தியானம் ஆறு கோழிகளையும் பிடித்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியே விட்டாள். மகாராணி கொத்திய கொத்தில் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. நனைந்து பாதியாகிப்போன ஆறும் ஈரத் தரையில் ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி நின்றன. நாற்றம் குறைந்ததா? எங்கே! கழுவக் கழுவ அது ஏறியது. கூட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் குத்தியது. இப்போது அவளுக்கே கண்ணில் நீர் வந்தது. கறுப்பி தும்ம ஆரம்பித்தாள். ஆறில் ஒன்றுகூட முட்டையிடவில்லை.

"கொஞ்சம் காய விட்டுப் பாக்கலாமே" என்றார் தச்சர், பட்டறை வாசலிலிருந்து.

"உங்களுக்கு மரத்தப் பத்தித் தெரியும். அழுக்கப் பத்தி என்கிட்ட பேசாதீங்க."

அவர் இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷ அனுபவம்.

வியாழக்கிழமை விடியற்காலை அவள் குழாயைத் திருகினாள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுச் சும்மா இருந்தது. தெருமுனையில் பெரிய குழாய் உடைந்துவிட்டதாம், சரிசெய்ய மூன்று நாளாவது ஆகுமாம். குடிக்க மட்டும் வண்டியில் வீட்டுக்கு நான்கு குடம். கழுவத் தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. பினாயிலக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள்.

"நாலே நாள்தான் இருக்கு. என் கையாலயே புடிச்சுக் குடுக்கப் போறேன். நான் சுத்தமா வெச்சுக்கலன்னு எழுதிட்டுப் போவாங்க. என்னைப் பாத்து!"

தச்சர் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். உள்ளே போனார், ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்தார். ஒரு வாரத்து மரச்சீவல். அவள் சுதாரிப்பதற்குள் மூட்டையைக் கூட்டுக்குள் கவிழ்த்து, கையாலேயே பரப்பிவிட்டார்.

"ஐயோ! குப்பையக் கொண்டுவந்து கொட்டறீங்களே! உங்களுக்கு மூளை இருக்கா?"

"கோழிங்க ஈரத்துல நிக்குதுங்க. கால் நடுங்குது பாரு. தண்ணி வந்ததும் வாரிப் போட்டுடலாம்" என்றார் அவர். சொன்னதோடு நிற்காமல், அவள் அடைத்து வைத்திருந்த சாக்குகளையும் பிடுங்கி எடுத்தார். "காத்து போற எடமே இல்லாம அடைச்சு வெச்சிருக்க. நான் அந்த எடைவெளிய வேலையத்துப்போயா விட்டேன்?"

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அன்று முழுக்கக் கொல்லைப்பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போனாள். கதவைத் திறந்தாள். வழக்கமாக முகத்தில் குத்தும் நெடியை எதிர்பார்த்துக் கண்ணை இடுக்கிக்கொண்டவள், அப்படியே நின்றாள். குத்தவில்லை. கொஞ்சம் இருந்தது, ஆனால் குத்தவில்லை. முட்டி போட்டுக் குனிந்து தரைக்கு நான்கு விரல்கடை தூரத்தில் மூக்கை வைத்தாள். காய்ந்த சீவல் இருந்த இடத்தில் மர வாசனை மட்டும்தான் வந்தது. மூலையில் ஒரு பழைய குட்டை. சீவல் அங்கே ஊறிக் கறுத்திருந்தது. அங்கேதான் நெடி. எழுந்து, இடத்தை மாற்றி மாற்றிக் குனிந்து, ஆறு இடத்தில் மோந்து பார்த்தாள். ஈரம் இருந்த இடமெல்லாம் நாறியது. காய்ந்த இடம் நாறவில்லை.

பொறி தட்டியது. பொறி தட்டியதும் பகீரென்றது. எச்சத்தோடு தண்ணீர் சேர்ந்தால்தான் இந்த நாற்றமே. அப்படியானால் மூன்று மாதமாக நாற்றத்தைக் கழுவி விரட்டவில்லை. வேளை தவறாமல் ஊற்றி வளர்த்திருக்கிறாள்!

வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். பினாயிலக்காவுக்கு வெட்கப்பட நேரம் ஏது? மூன்று நாள்தான் பாக்கி.

"ஏங்க! இன்னும் எத்தனை மூட்டை இருக்கு?"

பட்டறைக்குள் இழைப்புளி சட்டென்று நின்றது. "எதுக்கு? எரிக்கவா?"

"எரிக்கறதா? ஒரு சுருள எரிச்சீங்க, தெரியும் சேதி! எல்லாத்தையும் கொண்டு வாங்க. பாலிஷ் போட்ட மரத்தோடது வேண்டாம். பொடியாத் தூளும் வேண்டாம், மூக்குல ஏறும். நல்லாக் காஞ்ச சுருள் மட்டும்."

அடுத்த இரண்டு நாள் அந்தக் கொல்லையில் நடந்ததை வார்டில் வேலை பார்த்த ஆயாக்கள் பார்த்திருந்தால் பழைய பயத்தில் விறைத்து நின்றிருப்பார்கள். ஊறிப்போன சீவலையும் அடியில் அப்பியிருந்த கசட்டையும் சுரண்டி வாரி, கொல்லைக் கோடியில் குழி வெட்டி மூடினாள். தரையை ஒரு பகல் முழுக்க வெயிலுக்குத் திறந்து போட்டாள். பிறகு அரை முழ ஆழத்துக்குச் சீவலைப் பரப்பினாள். தண்ணீர்த் தட்டைக் கோழிகள் தட்டிக் கொட்டிவிடுகின்றன என்று கண்டுபிடித்து, அதைக் கூட்டுக்கு வெளியே இரண்டு செங்கல்மேல் ஏற்றினாள். தச்சர் கூரைக்குக் கீழே இடைவெளியை இன்னும் அகலமாக்கிக் கம்பி வலை அடித்தார். கோழி உட்காருகிற கட்டையை உயர்த்தி, காலுக்கு உறுத்தாமல் விளிம்பை இழைத்து உருட்டினார். கட்டைக்குக் கீழே ஒரு பலகை. இரவில் விழும் எச்சமெல்லாம் அதில்தான் விழும். காலையில் கொத்தனார் கரண்டியால் ஒரு சுரண்டு, வேலை முடிந்தது. ஒரு பழைய டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி வைத்தாள். சோப்புப் போட்டதற்குக் கொத்திய மகாராணி, அதில் இறங்கி இறக்கையை விரித்துப் புரண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"உனக்கு இந்தக் குளியல்தான் வேணும்னு வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள் பினாயிலக்கா. கழுத்தில் சாம்பலோடு மகாராணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டுக்குள் ஒரு முட்டை கிடந்தது. அதே காலையில் குழாயில் தண்ணீரும் வந்தது.

சோதனை அங்கேதான். ஆஸ்பத்திரிக்குப் பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் முதல் நாளே தரையைக் கழுவிவிட வேண்டும். அது அவள் ரத்தத்தில் ஊறின சட்டம். தண்ணீர் சத்தம் கேட்டதும் கால் தானாகப் போனது. இரண்டு வாளியை நிரப்பிக்கொண்டு கூட்டுக் கதவு வரை வந்துவிட்டாள். ஒரே ஒரு தடவை, லேசாக, ஓரத்தில் மட்டும் கழுவினால் என்ன? நாளைக்கு அதிகாரி வந்து பார்க்கும்போது தரை குப்பையாகத் தெரியாதா? கை வாளியைத் தூக்கியது. மனசு அடித்துக்கொண்டது. தச்சர் பட்டறை வாசலில் உளியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் குனிந்தாள். மோந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். வாளிகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிப் போய் அவருடைய சைக்கிளைக் கழுவித் தள்ளினாள். எதையாவது கழுவியாக வேண்டுமே! நான்கு வருஷமாகத் துடைக்காத சைக்கிள் பளபளத்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கைக்குட்டையைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு நடந்தார். பாதி தூரம், முக்கால் தூரம், கூட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார். கைக்குட்டை கையிலேயே இருந்தது.

"கோழிய வேற எங்கயாவது கொண்டுபோயிட்டீங்களா?"

"ஏன், உங்க காலுக்குக் கிட்டத்தான் ஒண்ணு நிக்குது" என்றாள் பினாயிலக்கா. கொண்டைக்காரி அதிகாரியின் செருப்பு வாரைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி கூட்டுக்குள் தலையை விட்டார். சீவலுக்குள் கையை நுழைத்து அள்ளி, மூக்கருகே கொண்டுபோனார். "மர வாசனைதான் வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. உள்ளே கடிகாரக்காரர், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு.

"சார், புகார் குடுத்தது நீங்கதானே? இப்ப எப்படி இருக்கு?"

பினாயிலக்கா ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஆள் நினைத்தால் ஒரு வார்த்தையில் ஆறையும் அனுப்பிவிடலாம். கடிகாரக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், எட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார்.

"மூணு மாசமா ஜன்னல மூடிட்டு, பட்டப்பகல்ல விளக்கப் போட்டுட்டு வேலை செஞ்சேம்மா. கண்ணே போச்சு. சனிக்கிழமை சும்மா தொறந்து பாத்தேன்." பொய் சொல்ல வராத ஆள் போலிருக்கிறது. "அதுக்கப்புறம் மூடவே இல்ல. கோழிங்க இருக்கட்டும். அதுங்க புரள்றதப் பாத்துட்டே வேலை செய்யறதும் நல்லாத்தான் இருக்கு."

அதிகாரி சிரித்துக்கொண்டே தாளை எடுத்தார். "என்ன மருந்தும்மா அடிச்சீங்க? இன்னும் நாலு வீட்டுல இதே புகார் இருக்கு, சொல்லிட்டா அவங்களுக்கும் சொல்வேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் பினாயிலக்கா தன் வேலையில் தப்பு இருந்ததாக யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது சொன்னாள், தெரு கேட்கிற குரலில் சொன்னாள்.

"மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. கழுவறத நிறுத்தினேன். நாத்தம் கோழியோடது இல்லம்மா, என்னோடது. நான் ஊத்தின தண்ணியோடது. காய வெச்சேன், காத்து விட்டேன், போயிடுச்சு. அந்த நாலு வீட்டுக்கும் நானே வந்து காட்டறேன்."

அதிகாரி எழுதி நீட்டினார். பினாயிலக்கா வாங்கிப் படித்தாள். 'குறை ஏதும் இல்லை' என்று இருந்தது. தாளைத் திருப்பி நீட்டினாள்.

"இது பத்தாது. 'சுத்தமாக இருக்கிறது'ன்னு எழுதுங்க. கண்ணால பாத்தீங்கல்ல, மோந்தும் பாத்தீங்கல்ல? எழுதுங்க."

அதிகாரி அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் பேனாவைத் திறந்தார். தச்சர் மாத்திரம் தலையைக் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுத்துக் காய்வதற்குள் பினாயிலக்கா தாளைப் பறிக்காத குறையாக வாங்கினாள், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவும் இல்லை. கொல்லை நடுவில் போய் நின்று அந்தத் தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஏய் கறுப்பி! மகாராணி! எல்லாரும் கேட்டுக்கோங்கடி! ஒருத்தியும் எங்கயும் போகல!"