வழக்கம்போல

சோதனை அறைக் கணினியை அவள் மறுபடியும் சுத்தமாக அழித்தாள். பழைய கோப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இப்போதுதான் பெட்டியைப் பிரித்து எடுத்து வைத்ததுபோல் இருக்க வேண்டும். திரை இருண்டு, பிறகு வெளிச்சம் வந்து, வெறும் பக்கமாக நின்றது. அக்காவின் கணவர் எழுதிய வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தாள். கடைசியில் அந்த மென்பொருள் கருவி எப்போதும் சொல்வதையே சொன்னது: ‘நிலைபெறவில்லை.’ எது நிலைபெறவில்லை, ஏன் என்பதெல்லாம் கிடையாது. எந்தத் தவறுக்கும் அந்த ஒரே பதில்தான். நேற்றும் இப்படித்தான் ஆனது. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. பிசகு வழிகாட்டியில் இல்லாமல் தன் கையில் இருந்துவிட்டால்? நாளை எல்லார் முன்னாலும் அவர் கை பட்டதும் அது பணிவாக ஓடிவிட்டால்? திரும்பவும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் வரிக்குப் போனாள்.

அந்தக் கருவிதான் அந்த நிறுவனத்துக்குச் சோறு போட்டது. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதும் நிரல்களுக்குள் பிறக்கும் விவரங்கள் நிரலை மூடியதும் மாயமாகிவிடும். அவற்றைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளில் கொண்டுபோய்ச் சேர்த்து, கேட்கும்போது திரும்ப எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. ஆனால் ஒரு புதுக் கணினியில் அதை அமைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் போனை எடுத்து, அதை உருவாக்கியவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் போய் உட்கார்ந்து, தன் பென்டிரைவிலிருந்து ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டு, நாலு தட்டுத் தட்டுவார். ஓடிவிடும். கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். அலுவலகத்தில் அவருக்கு ‘டாக்டர்’ என்றே பெயர். அவளுக்கு வீட்டில் அத்தான், வேலையிடத்தில் சார். சேர்ந்த நாளிலேயே இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான் என்றே அவளும் நினைத்தாள்.

அந்த அலுவலகத்தில் எல்லாரும் ஒருவர் ஃபோல்டரை இன்னொருவர் நகலெடுத்தே காலம் தள்ளினார்கள். இவள்தான் மாலை வகுப்பில் படித்துப் பழகிய புத்தியோடு, வழிகாட்டியை வரிவரியாகப் பின்பற்றுவேன் என்று உட்கார்ந்தாள். நடுவில் ஒரு வரி வந்தது: ‘இணைப்புக் கோப்பை வழக்கம்போல வைக்கவும்.’ யாருடைய வழக்கம்? அதை எத்தனை தடவை படித்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரிடம் போய்க் கேட்டபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எல்லாம் எழுதியிருக்கிறது, படித்தால் புரியும் என்றார். வாரக்கணக்கில் புரியவில்லை. அவளுடைய வேலை நிரந்தரமாவது தள்ளிப்போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தான் இதை ஒரு கதையாகவே சொன்னார்.

“மாலை வகுப்புல படிச்சவங்களுக்கு மூளையும் சாயங்காலந்தான் வேலைக்கு வரும்போல.”

அம்மா சிரித்தாள். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர் மட்டும் சிரித்திருந்தால் இவள் மறந்திருப்பாள். அக்காவின் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை. மறுநாள் அந்த நகைச்சுவை அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. “என்ன, சாயங்காலம் காலையிலேயே வந்தாச்சு?” என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். அதன்பின் அதுவே அவள் பெயரானது.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஓடுகிற ஒரு ஃபோல்டரையும் ஓடாத தன்னுடையதையும் எதிரெதிரே வைத்து வரிவரியாக ஒப்பிட்டாள். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது. மொத்த அளவில் மட்டும் ஒரு சிறு வேறுபாடு. அதைப் பிடித்துக்கொண்டு போனபோது, பட்டியலில் முகம் காட்டாதபடி மறைத்து வைத்த ஒரு சின்னக் கோப்பு அகப்பட்டது. வழிகாட்டி சொன்ன இணைப்புக் கோப்பு அதுதான். எந்தத் தரவுத்தளம், எந்தக் கதவைத் தட்ட வேண்டும், அதனிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. கருவி பிறந்த காலத்தில் அவர் வைத்தது. பிறகு நகலுக்கு நகல், பென்டிரைவுக்குப் பென்டிரைவு அதுவாகவே கூட வந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார். ஓட வைத்தது டாக்டரின் கைராசியல்ல, அவருக்கே தெரியாமல் அவரோடு ஊர் சுற்றிய ஒரு கோப்பு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அமைக்கும் முறையை எளிதாக்கும் வேலை அவளிடம் வந்தது தற்செயல்தான். வாடிக்கையாளர்கள் ஓடிப்போகிறார்கள் என்று மேலாளரம்மா கவலைப்பட்டார், வேறு யாரும் கையில் சிக்கவில்லை. அவள் புதிதாக எழுதிய முறையில் தரவுத்தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். மற்றதைக் கருவியே கண்டுபிடித்துக்கொள்ளும், அட்டவணைகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஏதாவது குறைந்தால் என்ன குறைகிறது, எங்கே வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லும். அந்த அறிவிப்புகளைப் படித்தவர்கள் எவ்வளவு கனிவு என்றார்கள். ஒவ்வொன்றையும் அவள் அத்தான் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தாள்.

அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊட்டிவிட்டால் எவனும் மென்று தின்னக் கற்றுக்கொள்ள மாட்டான் என்றார். மேலாளரம்மா ஒரு சோதனை வைத்தார். சுத்தமான கணினியில், வழிகாட்டியை மட்டும் பார்த்து ஒருவர் பழைய முறையில் அமைத்துவிட்டால் அதுவே இருக்கட்டும். புதிய பதிப்பை டாக்டரே நடத்துவார். இவள், தான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த, தொலைபேசியில் புகார் கேட்கும் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும். முடியாவிட்டால் புதிய பதிப்பு இவள் பொறுப்பு. வரவேற்பில் இருக்கும் பெண்ணை உட்கார வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, இவள் மெதுவாக ஒரு யோசனை சொன்னாள். ஒன்றும் தெரியாதவரை வைத்துப் பழைய முறையைத் தோற்கடித்தார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது, எழுதியவரே செய்துகாட்டட்டுமே. அத்தான் மார்பை நிமிர்த்திக்கொண்டு சரியென்றார்.

சோதனைக்கு முந்தைய நாள் மாலை அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். மாடியில் அக்கா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு ஏதோ பரீட்சையாம். ரெண்டு நாளா புரண்டு புரண்டு படுக்கறாரு. உனக்கு எதுனா தெரிஞ்சா முன்னாடியே சொல்லிடுடி.”

“அவருக்குத் தெரியாதது எனக்கு என்னக்கா தெரியப்போவுது? நான் மாலை வகுப்புதானே.”

அக்காவின் கை கொடியிலேயே நின்றது. “அன்னிக்குச் சிரிச்சத இன்னுமா மனசுல வச்சிருக்க?”

இல்லவே இல்லை என்றாள் இவள். அக்காவின் மகனுடைய சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்துக் கூடையில் வைத்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஒரே வாக்கியம்தான். அதை நாக்கின் நுனிவரை வரவிட்டு, அப்படியே விழுங்கினாள். அதன் ருசி அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் சோதனை அறையில் ஆட்கள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றார்கள். மேலாளரம்மா மேசை முனையில் உட்கார்ந்திருந்தார். அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தன் வழிகாட்டியைத் தானே உரக்கப் படித்தபடி தட்டினார். நடுநடுவே வேடிக்கை பேசினார். ‘வழக்கம்போல’ என்ற வரி வந்தபோது நிற்காமல் தாண்டிப் போனார். கையில் அகப்பட்ட ஒரு கோப்பைத் தோன்றிய இடத்தில் வைத்தார். ஓட்டினார்.

‘நிலைபெறவில்லை.’

சிரித்தார், மறுபடி ஓட்டினார். அதே பதில். இடத்தை மாற்றி வைத்தார். அதே பதில். “டாக்டரே படுத்துட்டாரே” என்று சுவரோரம் ஒரு குரல் கேட்டது. அடக்கிய சிரிப்பு ஒன்று அறையைச் சுற்றி வந்தது. அவர் சட்டைப்பையில் கைவிட்டுப் பென்டிரைவை எடுத்தார்.

“அது வேணாமே. வாங்கறவங்களுக்கு உங்க பென்டிரைவ் வராதில்ல” என்றார் மேலாளரம்மா.

அத்தானின் காது மடல் சிவந்தது. வழிகாட்டியை மேலும் கீழும் உருட்டினார். பிறகு நாற்காலியைத் திருப்பி, வேலையிடத்தில் ஒருநாளும் இல்லாத குரலில் அவளைக் கூப்பிட்டார்.

“கொஞ்சம் வந்து பாரேம்மா. என்ன விட்டேன்?”

“நீங்க ஒண்ணும் விடல சார். எழுதியிருக்கறபடியேதான் செஞ்சிருக்கீங்க.” அவள் குனிந்து, திரையில் அந்த வரியில் விரலை வைத்தாள். பாடம் கேட்கிற மாணவிபோலக் கேட்டாள்: “‘வழக்கம்போல’ன்னா எப்படி சார்?”

அவர் வாயைத் திறந்தார். பதில் சொல்ல விருப்பமில்லாமல் அல்ல, பதிலே இல்லாமல் திறந்த வாய் அது. இத்தனை நாளும் அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நம்பித்தான் அவள் இந்தக் கோபத்தை ஊட்டி வளர்த்திருந்தாள். கோப்பைக் கண்டுபிடித்த பிறகும் அந்த நம்பிக்கையை விட மனம் வரவில்லை. இப்போது அந்த முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் ஒளித்து வைத்ததுபோல் இல்லை. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை. தெரியாமலேயேதான் இவ்வளவு ஏளனமா என்று இன்னும் ஒரு படி ஏறியது.

பிறகு புதிய முறையில் அமைத்துப் பார்க்க வரவேற்புப் பெண் உட்கார்ந்தாள். முகவரியில் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டாள். எந்த எண் தவறு, பொதுவாக எது இருக்கும் என்று கருவி சொன்னது. “அட, திட்டவே இல்ல” என்று சொல்லிக்கொண்டே திருத்தினாள். அட்டவணை வந்து நின்றது. அதில் அவள் சும்மா அடித்த பெயரும் இருந்தது. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் இருந்தது. யாரோ கை தட்டினார்கள். புதிய பதிப்பைப் பற்றி நாளை பேசலாம் என்று மேலாளரம்மா இவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அத்தான் எழுந்திருக்கவில்லை. அவள் தன் பொருட்களை எடுத்து வைப்பதுபோல அங்கேயே நின்றாள். இதற்காகத்தானே காத்திருந்தாள், முழுவதையும் பார்க்காமல் போக மனமில்லை.

“தெரிஞ்சுதான் என்னை உக்கார வச்சியா?” திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஆமா.”

அவர் தலையை ஆட்டினார். கணக்கு சரியாக வந்துவிட்டதுபோன்ற ஆட்டல். என்ன குறைகிறது என்று கேட்டால் சொல்லக் கூடாது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அதைக்கூட அவர் கேட்காதது ஏமாற்றமாக இருந்தது.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் கையை அசைக்கவில்லை. அது ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மேசைமேல் இருந்த அவளுடைய போன் அதிரத் தொடங்கியது. திரையில் அக்காவின் முகம், கண்ணை இடுக்கிக்கொண்டு, வெயிலைப் பார்த்ததுபோல. இருவருக்கும் நடுவே வழவழப்பான பலகையின்மேல் அது துடித்துத் துடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் நகர்ந்து, மேசையின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.