டேக் போடாத லீவ்

கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய் கம்பெனியில் ஜெபிஷா பில் போடும் வேலை பார்த்தாள். தினமும் கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் வருவாள். வெளிநாட்டு ஆர்டர் வரத் தொடங்கியதும் மேனேஜர் ஹரிஹரசுதன், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இனி எல்லாரும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்.

அவள் அம்மா மதலேனம்மாளுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஜெபிஷா குரூப்பில் எழுதினாள்: “ஐ வில் லீவ் திஸ் தர்ஸ்டே. மதர் ஐ ஆபரேஷன். மண்டே கம்.” மேனேஜர் ‘ஓகே’ என்று பதில் போட்டார்.

திங்கட்கிழமை அவள் போனபோது அவளுடைய நாற்காலியில் மேனேஜரின் கொழுந்தியாள் பிரித்திகா உட்கார்ந்திருந்தாள்.

“என்ன சார் இது?”

“நீதான வேலைய விட்டுப் போறேன்னு எழுதுன?” மேனேஜர் போனை நீட்டினார். “வெறும் ‘லீவ்’னு போட்டா விட்டுட்டுப் போறதுன்னு அர்த்தம். லீவு வேணும்னா ‘டேக் லீவ்’னு போடணும். இது தெரியாதா?”

ஜெபிஷாவுக்கு முகம் சுட்டது. தெரியாதுதான். ஊரே லீவு, லீவு என்கிறது. அதற்கு முன்னால் ஒரு ‘டேக்’ வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அவள் எழுதியது அந்த ஒரு வரி மட்டுமா?

“வேலைய விட்டுட்டுப் போறவ, திங்கக்கெழம வாரேன்னு எதுக்கு சார் எழுதணும்?”

“கணக்கு முடிக்க வருவியோன்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று மாடியேறி முதலாளி மாயகிருஷ்ணன் முன்னால் போனை வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மேனேஜரைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, அம்மாவுக்கு ஆபரேஷன்னு எழுதியிருக்கா. ஒனக்கு வெளங்கலையா?”

அன்றே ஜெபிஷாவுக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. பிரித்திகா பேக்கிங் பக்கம் போனாள். எல்லாம் முடிந்தது என்ற நினைப்பில் முதலாளி, “இனிமே பாத்து எழுதும்மா” என்றார்.

“நான் எழுதுனது தப்புதான் அண்ணாச்சி. மேனேஜர் வாசிச்சது தப்பில்ல, களவாணித்தனம். அத அவியகிட்ட சொல்லுங்க.”

முதலாளி ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

சாயங்காலம் வீட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த மதலேனம்மாள் கேட்டாள், “அதான் வேல கெடச்சிட்டுல்லா, பெறவு எதுக்குட்டி அழுத?”

“அழலம்மா,” என்றாள் ஜெபிஷா. “ஆத்திரம் அடங்க மாட்டேங்குது.”