கை கழுவிய தட்டு

என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுவார். கழுவிவிட்டு அதிலேயே வாய் கொப்பளித்துத் துப்புவார். சீலா மீன் குழம்பு வைத்த நாளில் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும். மஞ்சள் தண்ணீரில் முள்ளும் பருக்கையும் மிதக்கும், மேலே எச்சில் நுரை. இருபத்திரண்டு வருஷமாக அதைச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் நான். சீ! சொல்லும்போதே குமட்டுகிறது. குழாய் நாலு எட்டில்தான் இருக்கிறது.

ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. எதையுமே வேண்டாம் என்று சொல்லிப் பழகாத வாய் இது. மில்லர்புரத்தில் எங்கள் தெருவே என்னைத் தங்கமான பொம்பளை என்று சொல்லும். இப்போது அதைக் கேட்டாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

தை மாதம் என் மூத்த நாத்தனார் சீனித்தாய் வந்து, தன் மகன் செந்தில்முருகனுக்கு எங்கள் மகள் இசக்கிசெல்வியைக் கேட்டாள். பையனுக்கு ஹார்பரில் கண்டெய்னர் யார்டில் வேலை. இவர் யாரையும் கேட்காமல் சரி என்றுவிட்டார். சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று பேச்சு.

"எனக்கு வேண்டாம்மா. நான் நர்சிங் முடிக்கணும். நீ அப்பாட்ட சொல்லும்மா" என்று மகள் அழுதாள்.

"ஏளா, நீயே சொல்லிப் பாரேன்" என்றேன். பெற்றவள் சொல்கிற பதிலா அது?

மறுநாள் மத்தியானம் இவர் சாப்பிட்டு முடித்துத் தம்ளரைத் தூக்கினார். என்ன நினைத்தேனோ, தண்ணீர் விழுவதற்குள் தட்டை இழுத்துவிட்டேன்.

"ஏளா, என்ன செய்யுத?"

"எறும்பு ஏறுதுங்க."

பச்சைப் பொய். ஆனாலும் மனுஷன் முனகிக்கொண்டே எழுந்து குழாயடிக்குப் போனார்.

அதற்கடுத்த நாளும் இழுத்தேன். அவர் கடைசி வாயை எடுக்கும்போதே என் கை தட்டுக்குப் போய்விடும். பூனை நிற்கிறது, குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று தினம் ஒரு பொய். ஒரு மாதத்தில் பொய்யும் தேவைப்படவில்லை, சும்மாவே இழுத்தேன். பிறகு மற்றதெல்லாம் தானாக வர ஆரம்பித்தது. நாறிப்போன மீனைத் தலையில் கட்டப் பார்த்தவளிடம், "வேண்டாம், எடுத்துட்டுப் போ" என்றேன். எங்கள் வாசலில் குப்பையைத் தள்ளுகிற பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே அள்ள வைத்தேன். கல்யாணப் பேச்சுக்கு மட்டும் நாக்கு எழவே இல்லை. பங்குனியும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சொந்தத்துக்குள் இலை எதற்கு, தட்டே போதும் என்றார் இவர். செந்தில்முருகன் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறு துண்டு சீலா தின்றான். "அத்த, கொழம்பு சூப்பர்" என்று ஏப்பம் விட்டான். பக்கத்திலேயே வெற்றிலைத் தாம்பாளம் தயாராக இருந்தது. தம்ளரைத் தூக்கி, கையைத் தட்டுக்கு மேலே நீட்டினான்.

என் கை போய்விட்டது. தண்ணீர் முழுவதும் அவன் புது வேட்டியில் விழுந்தது.

"ஏளா! ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று இவர் கத்தினார்.

"மாப்பிள்ளைய இப்படியா அவமானப்படுத்துவாவ?" என்று சீனித்தாய் எழுந்துவிட்டாள்.

எறும்பு என்று சொல்லத்தான் வாய் வந்தது. கையில் இருந்த தட்டைப் பார்த்தேன். சப்பிப் போட்ட முள்ளும் கறிவேப்பிலையும். இருபத்திரண்டு வருஷத்துக் குமட்டலும் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"எம் மவ இந்தத் தட்டக் கழுவ மாட்டா" என்றேன். "அவ படிக்கப் போறா. வெத்தலைய எடுத்துட்டுப் போங்க மைனி."

போனார்கள். இவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சாப்பிட்டு முடித்து, என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். காறித் துப்புகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. கழுவிக் கொண்டுவந்து வைத்த தட்டின் ஓரத்தில் ஒரு முள் ஒட்டியிருந்தது.

எடுத்து, திரும்ப அவரிடமே நீட்டினேன்.