ஏழாம் எண்

ஜெபமணியின் சைக்கிள் குழுவில் போன வருஷத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. எங்கே நின்றாலும், கிளம்புமுன் ஆளாளுக்குத் தன் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஆறுக்கு அடுத்த குரல் எட்டு. எல்லோருக்கும் பின்னால் காவலாக வருகிற ஜெபமணி ‘பதினொன்று’ என்றால்தான் சைக்கிள்கள் நகரும். ஐம்பது வயதுக்காரர்கள் இறுக்கமான டவுசர் போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கத்துவதைப் பார்த்துத் தேனி பஜாரே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சனிக்கிழமை விடியலில் கம்பம்மெட்டுக்குப் புறப்பட்டார்கள். போன வருஷம் அந்த மலைப்பாதையில்தான், குழுவின் ஏழாவது ஆளான பொன்னுராஜ் விழுந்து இறந்தார். அவருடைய சைக்கிளில் இன்று மகள் எப்சிபா வந்திருந்தாள். ஜெபமணி இதை எதிர்பார்க்கவில்லை.

சின்னமனூர் வாழைத்தோப்புகள் போயின, கம்பத்துத் திராட்சைப் பந்தல்கள் போயின. வலப்பக்க மலை கிட்டே வந்துகொண்டே இருந்தது. அடிவாரத்து டீக்கடையில் நின்று எண் சொன்னார்கள். எப்சிபாவுக்கு ஓர் எண் கொடுக்க யாருக்கும் மனம் துணியவில்லை.

“எதுக்கு மாமா இப்படிக் கத்துறீக? செவரோரம் நிக்கிற சைக்கிளை எண்ணுனாப் போதும்னு அப்பா சொல்லுவாகளே?” என்றாள் அவள்.

ஜெபமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “மேல போய்ச் சொல்றேன் ஆத்தா.”

அதை அவளிடம் சொல்லத்தான் ஒரு வருஷமாக அவருக்கு வாய் வரவில்லை. குழுவில் எல்லோருக்கும் தெரியும். எப்சிபாவுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரியாது. வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கியது. சொல்லாமலே இருந்துவிடலாமா என்று மனசு பேரம் பேசியது. சொன்னால் இந்தப் பிள்ளை இனி முகம் கொடுத்துப் பேசுமா?

உச்சிக்கு நாலு வளைவு இருக்கையில், அப்பா விழுந்த இடத்தில் எப்சிபா இறங்கினாள். மற்றவர்கள் தயங்கி, மேலே போனார்கள். அவள் கைப்பிடிச் சுவரில் ஒரு முழம் மல்லிகையை வைத்தாள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் பச்சையாகக் கிடந்தது.

“அன்னைக்கு இறங்கி வந்து டீக்கடையில நானும் சைக்கிளைத்தான் எண்ணுனேன்,” என்றார் ஜெபமணி. “என்னுதோட சேத்துப் பதினொண்ணு நின்னுச்சு. எல்லாரும் வந்துட்டாகன்னு டீ சொல்லிட்டேன். அதுல ஒண்ணு நம்மது இல்ல. வேற யாரோ நிறுத்திட்டுப் போனது.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அரை மணி நேரம் கழிச்சுத்தான் தேடி ஏறுனோம். இங்கன புதருக்குள்ள கிடந்தாக. அப்ப மூச்சு இருந்துச்சு. ஜீப்புல கொண்டுபோற வழியிலதான்... விழுந்த எடத்துலயே போயிட்டாக, வலி தெரிஞ்சிருக்காதுன்னு உங்க வீட்ல நான் சொன்னது பொய்.”

“எதுவும் பேசுனாகளா?”

“‘வந்துட்டியா ஜெபமணி’ன்னு கேட்டாக. அம்புட்டுத்தான்.”

எப்சிபா சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுதாளா என்று பார்க்க அவருக்குத் தைரியமில்லை. பிறகு ஹெல்மெட்டை மாட்டினாள். “அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்.”

“சொல்றேன் ஆத்தா.”

அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். ஜெபமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மெட்டு உச்சிக்கு வந்து சேர்ந்தார்.

இறங்குமுன் எண் சொல்லத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு வந்தது. எட்டாம் எண் ராஜபாண்டி வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் முந்தியது.

“ஏழு.”

எப்சிபா யாரையும் பார்க்கவில்லை. கண் சிவந்திருந்தது. ராஜபாண்டி தடுமாறி எட்டு சொன்னார். ஒன்பது, பத்து என்று வந்து, ஜெபமணியிடம் நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

“உங்க நம்பரைச் சொல்லுங்க மாமா,” என்றாள் எப்சிபா. “இறங்கணும்ல.”