கொழுப்பு யாருக்கு

கீழே வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதல்ல, சத்தியம். நம்பாதவர்கள் பேக்கரிக்காரர் வீட்டு ஜன்னல் கம்பிகளைக் கேட்டுக்கொள்ளலாம். எல்லாம் அவற்றின் முன்னால்தான் நடந்தது, இன்றுவரை அவை எதையும் மறுத்துப் பேசியதில்லை.

பேக்கரிக்காரரின் மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். காலை ஆறேகால் மணிக்கு அவர் மூச்சு நின்றிருந்தது. ஒரு காலத்தில் கழுத்தை நெரித்த காலர், இப்போது இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. மூன்றாவது பொத்தானில் கை இருக்கும்போது முன்னறையிலிருந்து கொழுந்தனின் குரல் கேட்டது. மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவர். எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

“எங்கண்ணனைக் கொன்னது கொழுப்புங்க. மூளை வரைக்கும் ஏறிடுச்சு. ஆராய்ச்சியிலயே வந்திருக்கு.”

பொத்தானை அப்படியே விட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

“யாருக்குக் கொழுப்பு?”

பக்கத்து வீட்டுத் தையல்காரர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

“உள்ள கிடக்கிற மனுஷனுக்கா? முப்பத்தெட்டு வருஷம் கடையில நின்னாரு. நேத்து வாங்கின பன்னுல பாதியைத் தின்னுட்டு, மீதியை மாத்திக் குடுன்னு வந்தவங்களைக்கூட அதட்டினதில்ல. அவருக்கா கொழுப்பு? செத்து மூணு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள பட்டம் கட்டுறீங்களா?”

“ஐயோ அண்ணி, அந்தக் கொழுப்பு இல்ல. சாப்பாட்டுக் கொழுப்பு. தினமும் நீங்க தடவிக் குடுத்தீங்களே வெண்ணெய், அதைச் சொன்னேன்.”

திட்டைவிட விளக்கம் மோசமாக இருந்தது.

“அப்ப கொன்னது நானா?”

கொழுந்தன் மின்விசிறியைப் பார்த்தார். “நான் சொல்லல. ஆராய்ச்சி சொல்லுது.”

“வாய்க்கொழுப்பைப் பத்தி அதுல ஏதும் போட்டிருக்காங்களா?” என்று தையல்காரர் மெதுவாகக் கேட்டார்.

வெண்ணெய் விஷயத்தை மறைக்க முடியாது. மற்றவர்கள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்கள். பேக்கரிக்காரர் வெண்ணெய்க்கு ரொட்டி தடவுவார். அவர் தோளில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து கால் ஒடிந்ததைக் கண்ணால் பார்த்த மூன்று பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மழையில் குடையில்லாமல் போய்விட்டு உலர்ந்தபடி திரும்புவார். இதற்கெல்லாம் அவள் வெட்கப்பட்டதில்லை. அவளைச் சுட்டது வேறு. மறதி வந்த இந்த ஐந்து வருடமும், தட்டைக் கழுவி வைத்த கையோடு, “நான் இன்னும் சாப்பிடலையே?” என்று கேட்பார். பசிக்கிறது என்று நிற்கிற மனுஷனிடம் சாப்பிட்டாயிற்று என்று அடித்துச் சொல்ல அவளுக்கு வாய் வராது. மறுபடி ரொட்டி, மறுபடி வெண்ணெய். சில நாள் மதியத்துக்குள் மூன்று தடவை. மறதியால் வெண்ணெய் கூடியதா, வெண்ணெயால் மறதி கூடியதா?

சான்றிதழ் எழுத வந்த டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. நான் போட்ட வெண்ணெயா இவரைக் கொன்னுச்சு?”

டாக்டரம்மா சின்ன வயசு. பூசி மெழுகப் பழகவில்லை. “கொழுப்பு ஜாஸ்தியாச் சாப்பிட்டா இந்த மறதி நோய் வர வாய்ப்பு கூடலாம்னு சந்தேகப்படறாங்கம்மா. எலிங்களுக்கு அந்த மாதிரி தீனி குடுத்துப் பாத்திருக்காங்க, ஞாபகம் கொறைஞ்சிருக்கு. மனுஷங்க விஷயத்துல இன்னும் உறுதியாத் தெரியல. வயசு இருக்கு, பரம்பரை இருக்கு. இவருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“எலியா?” அவள் குரல் தெருவுக்குப் போனது. “எங்க கடை எலிங்க முப்பத்தெட்டு வருஷமா எங்க வெண்ணெயைத்தான் தின்னுதுங்க. ஒண்ணாவது வழி மறந்துச்சா? தினமும் அதே ஓட்டைக்கு அதே நேரத்துக்குத் திரும்பிப் போகும். பொறி வெச்ச இடத்தைப் பேரன் பேத்திக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் சாகும். அதுங்களைச் சோதிச்சாங்களா?”

டாக்டரம்மா தாளின்மேல் குனிந்து, தேதியை மிக மிக நிதானமாக எழுதினார்.

அவர் போனதும் கொழுந்தன் கேட்டார்: “அண்ணி, அண்ணனுக்கு மூச்சு எத்தனை மணிக்கு நின்னுச்சு?”

“ஆறேகால்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

“பரம்பரையாம், கேட்டீங்களா? அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? கொழுப்புதான். நான் வெண்ணெயை விட்டு இருபது வருஷம் ஆச்சு. கல்லு மாதிரி நிக்கறேன் பாருங்க.”

அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தைப் பற்றி அவளுக்கும் கொழுந்தனுக்கும் தெரிந்த, இருவருமே வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அதை எடுத்து வைத்தால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டார். இன்றைக்குச் சொல்லியே தீருவதென்று கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அண்ணி, அண்ணனுக்கு மூச்சு எத்தனை மணிக்கு நின்னுச்சு?”

அதே முகம், அதே குரல். முதல் தடவை கேட்கிறவரின் கண்கள்.

அவள் அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஆறேகால், தம்பி.”

“கொழுப்புதானே அண்ணி? வேற எதுவும் இல்லையே?”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி இறுக்கி மூடினாள்.

“ஆமா தம்பி. வெண்ணெய்தான். நான்தான் அளவு தெரியாமப் போட்டுட்டேன். நீங்கதான் தொடறதே இல்லையே, உங்களுக்கு ஒண்ணும் வராது.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவள் வைத்த வெறும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, கடைசித் துணுக்கு வரை தின்றார்.

அண்ணன் தம்பி இருவரையும் பெற்றவள் வாழ்நாளில் வெண்ணெயை நாக்கில் வைத்ததில்லை. கடைசி ஏழு வருடம், “நீங்க யார் வீட்டுப் பிள்ளைங்க?” என்று இருவரையும் கேட்டுக்கொண்டே இருந்துதான் செத்தாள்.