கீறல் இல்லாத கண்ணாடி

கண்ணாடிக்காரரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இறந்துபோனாள். பீரோக் கதவில் இருந்த அவளுடைய பிம்பம் மட்டும் இறக்கவில்லை. ஒரு காதில் தோடு போட்டு முடித்து, மறு காதுக்குக் கையைக் கொண்டுபோனபோது தலைக்குள் நரம்பு ஒன்று வெடித்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். முப்பத்துநாலு வயது. சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். கண்ணாடிக்குள் இரண்டாவது தோட்டையும் போட்டுத் திருகி, தலையை ஒருமுறை ஆட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். எடுத்துச் சொல்வது நாகரிகமாக இருக்காது என்று பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை கண்ணாடிக்குள் திங்கட்கிழமையாக இருந்தது. அவள் திங்களன்று உடுத்திய நீலப் பூப்போட்ட உடுப்பில் வந்து நின்று தலை வாரினாள். வியாழக்கிழமை, உள்ளே ஞாயிறு. ஒரு வாரம் பார்த்த பிறகு அவருக்கு விஷயம் பிடிபட்டது: வெளியே ஒரு நாள் முன்னால் போனால் உள்ளே ஒரு நாள் பின்னால் போகிறது. அவள் வீட்டில் இருந்தாலும் கடைத்தெருவில் இருந்தாலும் அன்றைய நாளின் முகத்தைக் கண்ணாடி காட்டியது. குரல் மட்டும் வரவில்லை. அந்தக் கண்ணாடி அவளுடைய அப்பாவின் கடையில் சுவரில் சாத்தி வைத்திருந்த பெரிய பலகையிலிருந்து, கல்யாணத்துக்காகக் கண்ணாடிக்காரரே வெட்டிப் பீரோவில் பொருத்தியது.

பதினாறாம் நாள் அவளுடைய அண்ணன்காரர் வந்தார். அவளைவிட நாலு வயது மூத்தவர். கண்ணாடிக்காரரும் அவரும் ஒரே கடையில் எதிரெதிர் மேசையில் நின்று கண்ணாடி வெட்டுகிறவர்கள். வேலைக்கு வந்த ஆள் முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டதை அண்ணன்காரர் மன்னித்ததும் இல்லை, வெளியே சொன்னதும் இல்லை. பீரோவின் முன்னால் ஒரு மணிநேரம் நின்றார். பிறகு பேச்சைத் தொடங்கினார்.

“உங்களுக்குப் பதிமூணு வருஷம்தான் பொண்டாட்டி, மாப்பிள்ளை. எங்களுக்கு இருபத்தொரு வருஷம் வீட்டுப் பொண்ணு.”

“அதுக்கு? பாதியா வெட்டித் தரவா?”

“வெட்ட வேணாம். உங்க பதிமூணையும் நீங்க பாத்து முடிங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்ததும் கண்ணாடி எங்க வீட்டுக்கு வந்துடணும்.”

“அதுவரைக்கும் காத்திருப்பியா, மச்சான்?”

“நான் எங்க போகப்போறேன்? எதிர் மேசையிலதானே நிக்கிறேன்.”

இப்படித்தான் பாகம் பிரிந்தது. அண்ணன்காரர் ஞாயிறுதோறும் வந்து பார்க்கலாம் என்பதும் பேச்சில் சேர்ந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் இரண்டு வருடம் கண்ணாடிக்காரர் சந்தோஷமாகவே இருந்தார் என்று சொல்ல வேண்டும். அவள் கடையில் கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டுகிறவள். கட்டுமுன் ஒவ்வொரு தாளையும் படித்துவிடுவாள். எப்போதோ முடிந்துபோன வெள்ளத்துக்கும் தேர்தலுக்கும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவளாகப் பதறுவாள். வேடிக்கை ஒன்றைச் சொல்ல வந்தால் பாதியிலேயே தானே சிரித்து, கடைசிவரை சொல்லாமலே விட்டுவிடுவாள். அந்தப் பாதிச் சிரிப்புகளைக் கண்ணாடியில் பார்த்து, மீதி என்னவாக இருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். கண்ணாடி அத்தோடு விட்டிருக்கலாம். மூன்றாம் வருடம், ஒரு கோடையில், அவள் நாலு நாள் தொடர்ந்து அழுதாள். எந்த நாட்கள் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாம் நாளிலிருந்து மூன்று மாதம் அவள் வயிற்றில் கை வைத்தபடி பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். முடிவு தெரிந்தவர் வெளியே நிற்க, தெரியாதவள் உள்ளே நின்றாள். ஒரு நாள்கூட அவர் போர்வை போட்டு மூடவில்லை.

ஆறாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கன்னம் வீங்கி நின்றாள். அண்ணன்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா என்கிட்ட,” என்றார் அண்ணன்காரர். “உங்க வீட்டுக் கதவுக்கு விரல் இருக்கா, மாப்பிள்ளை?”

கண்ணாடிக்காரருக்கு அந்த நாள் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எதற்கு அடித்தார் என்பதும் நினைவில்லை. வெட்கப்பட வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது.

“ஒரு தடவை கை ஓங்கினேன், ஆறிடுச்சு. நீ போட்டது ஆறுச்சா? சாகிற வரைக்கும் கழுத்துல சுமந்தாளே!”

கழுத்தில் இருந்தது ஒரு வெள்ளைக் கோடு. காதுக்குக் கீழே சின்ன வளைவாகத் தொடங்கி, நூல் பிடித்தாற்போல் இறங்கி, காறை எலும்பின் மேல் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடும். பிறந்தபோதே இருந்தது, பிரசவம் பார்த்த நர்ஸின் கத்தரிக்கோல் பட்டுவிட்டது என்பது வீட்டார் சொன்ன கதை. நர்ஸ் தான் தொடவே இல்லை என்று அழுதிருக்கிறாள்; வேலை போய்விட்டது, பிறகு என்ன ஆனாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் இதை நம்பியதில்லை. கண்ணாடித் துண்டுகள் இறைந்து கிடக்கும் வீட்டில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், தங்கச்சி வந்ததில் அவனுக்குப் பொறாமை, பெரியவர்கள் பிள்ளையைக் காப்பாற்றப் பழியை நர்ஸ் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. அன்றைக்குச் சொன்னதை அதன் பிறகு அவர் விடவே இல்லை. கடையில் ஒரு கண்ணாடி உடைந்தால், “மச்சான், துண்டைக் கீழ போட்டுடு, பக்கத்துல கொழந்தைங்க இருக்கும்,” என்பார். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள், எதற்கென்று தெரியாமலே. ஏழு வருடம் இது நடந்தது. அண்ணன்காரர் முதலில் சத்தியம் செய்தார், பிறகு சண்டை போட்டார், அதன் பிறகு பேசாமலிருந்தார். கையில் பளபளவென்று ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு குழந்தை அலறுவது என்று ஒரு காட்சி அவர் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அது தன் ஞாபகமா, மாப்பிள்ளை சொல்லிச் சொல்லி ஏற்றியதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இப்போது அவர் கண்ணாடிக்குக் காத்திருந்தது தங்கச்சியைப் பார்க்க மட்டும் இல்லை. அந்தக் கோடு விழுந்த நாள் எது என்று தெரிந்தாக வேண்டும்.

பதிமூன்றாம் வருடத்தின் கடைசி நாள் உள்ளே கல்யாண நாள். இருபத்தொரு வயதில் அவள் புது உடுப்பில் நின்றாள். வாசல் பக்கம் யாரோ வருவது தெரிந்து திரும்பிச் சிரித்தாள். வந்தது அவர்தான், அன்றைக்கு அவருக்கு இருபத்தாறு. இப்போது ஐம்பத்திரண்டு. நாளைக் காலை அண்ணன்காரர் வண்டியோடு வருவார், உள்ளே இருக்கிறவள் இனி இவர் மனைவி இல்லை. மதியம் மூன்று மணிக்கு அவர் கடையிலிருந்து கட்டரை எடுத்துவந்தார். அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

கண்ணாடி வெட்டுகிறவனுக்கு விதிகள் கொஞ்சம்தான். கட்டர் முனையில் இருக்கும் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொள்ள வேண்டும். ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் முடிக்க வேண்டும். கோடு போட்டதும் யோசிக்காமல் ஒடித்துவிட வேண்டும். விட்டு வைத்தால் கோடு ஆறிப்போய், கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். இதெல்லாம் அவருக்குக் கற்றுத்தந்தவர் மாமனார். அவர் கடைசிவரை திருத்த முடியாமல் விட்டது ஒன்றே ஒன்று: கண்ணாடிக்காரர் தொடக்கத்தில் கொஞ்சம் அழுத்திவிடுவதால் அவருடைய எல்லாக் கோட்டுக்கும் தலையில் ஒரு கொக்கி விழும். “இதென்ன கோடா, தூண்டிலா?” என்று மாமனார் கேட்பார். அந்தக் கொக்கியைப் பார்த்தே இது யார் கை என்று கடையில் சொல்லிவிடுவார்கள்.

வேலை தெரிந்த எவனும் நடுக்கண்ணாடியில் கை வைக்க மாட்டான். அவர் வைத்தார். முகத்தைச் சுற்றி எங்கே தொடங்குவது என்று தெரியாமல், பதிமூன்று வருடம் விரலால் தடவிப் பழகிய அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே சக்கரத்தை வைத்து, காதுக்குக் கீழிருந்து இழுத்தார். கிர்ரென்று சத்தம் வந்தது. உள்ளே அவள் சிரிப்பு நின்றது. கை கழுத்துக்குப் போனது. அதே நேரம் வாசலில் அண்ணன்காரரின் குரல்: “மாப்பிள்ளை, நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டியைக் கொண்டுவரட்டும்?” கை ஒரு துள்ளு துள்ளியது. காறை எலும்பின் மேல் கட்டரை எடுத்துவிட்டார். ஒடிக்க மனம் வரவில்லை.

காலையில் பார்த்தபோது கண்ணாடியில் கீறலே இல்லை. விரலை வைத்துத் தடவினார், நகத்தை வைத்து இழுத்தார். வழவழவென்று இருந்தது. கண்ணாடியில் விழுந்த கீறல் மறையாது என்பது அவருக்குத் தெரியும். வெட்டு சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, பீரோக் கதவிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்.

அடுத்த இருபத்தொரு வருடம் கண்ணாடி அண்ணன்காரர் வீட்டில் இருந்தது. இப்போது ஞாயிறுதோறும் வந்து நாற்காலியில் உட்காருவது கண்ணாடிக்காரரின் முறை. பத்தொன்பது வயதுப் பெண் அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள். அவள் உயரம் குறையக் குறைய, அவள் முகம் சட்டத்துக்குக் கீழே மறைந்துவிடாமல் இருக்க, அண்ணன்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கி இறக்கி மாட்டினார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசை கட்டின. பள்ளிக்கூட உடுப்பில் வந்தாள். பல் விழுந்து வந்தாள். பிறகு அந்தப் பல்லோடு வந்தாள். கழுத்துக் கோடு கூடவே இறங்கியது. பதினைந்தில் வெள்ளையாக இருந்தது பத்தில் ரோஸ் ஆனது. ஐந்தில் சிவந்தது.

“கிட்ட வந்துட்டோம், மச்சான்,” என்பார் கண்ணாடிக்காரர். “நீ எந்தக் கையால போட்டேன்னுகூடத் தெரிஞ்சுடும்.”

“இருக்கட்டும். தெரிஞ்சா செத்துப்போறேன்,” என்பார் அண்ணன்காரர். அவருக்குச் சாப்பாடு இறங்குவது நின்று பல நாள் ஆகியிருந்தது. வேலைக்கும் போகவில்லை. தங்கச்சி தவழ ஆரம்பித்ததும் கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்துத் தரையில் படுக்க வைத்து, தானும் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அவள் பிறந்த நாள் ஒரு திங்கட்கிழமை வந்தது. எழுபத்திரண்டும் எழுபத்துமூன்றுமாக இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்குள் ஒரு கை குழந்தையைத் தூக்கியது. அது நர்ஸின் கை, அதில் கத்தரிக்கோல் இல்லை. குழந்தையின் கழுத்தில் கோடு இருந்தது. அப்போதுதான் விழுந்ததுபோல் பச்சையாக, ரத்தம் துளித்துளியாய்க் கோர்த்து நின்றது. ரத்தத்துக்கு நடுவே ஏதோ பொடி மினுங்கியது. அறையில் மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

அண்ணன்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஐம்பது வருடம் கண்ணாடி வெட்டிய கண். துண்டு கிழித்தால் எப்படி இருக்கும், கத்தரி கிழித்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது சக்கரம் போட்டது. தலையில் ஒரு கொக்கி, கடைசியில் ஒரு துள்ளல். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது; அறுபத்தெட்டு வயது குறைந்தவரைப்போல் இருந்தார்.

“உங்க கைதான், மாப்பிள்ளை,” என்றார்.

கண்ணாடிக்காரர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“கடைசில கோணிடுச்சு பாருங்க. அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பார்.” கையை ஊன்றி எழுந்து, உள்ளே பார்த்து, “பசிக்குது, சாப்பாடு இருந்தா போடு,” என்று மனைவியிடம் சொன்னார். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார். கண்ணாடிக்காரர் இருட்டும்வரை தரையிலேயே இருந்தார். குழந்தை அழுவது தெரிந்தது. சத்தம் வழக்கம்போல வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கண்ணாடியில் ஒரு கிழவர் தெரிந்தார். வேறு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் இருவரும் அதைக் கடையில் வைத்தார்கள். புதிதாகக் குடித்தனம் வைக்கும் ஒரு ஜோடி வந்து விலை கேட்டது. பழைய சரக்கு, கனமானது, ஆனாலும் ஐந்நூறு குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் எதிரே நின்று தலையைச் சாய்த்துத் தோட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“கீறல் ஏதாவது இருக்கா, பெரியவரே?” என்று கேட்டாள்.

அண்ணன்காரர் எதிர் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்காரர் தன் விரலை அவளுடைய பிம்பத்தின் காதுக்குக் கீழே வைத்து, காறை எலும்பு வரை மெதுவாகத் தடவினார்.

“இல்லம்மா,” என்றார். “இதுல ஒண்ணும் இல்ல.”

பிறகு அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டினார். கட்டுமுன் தாளை ஒருமுறை படித்தார்.