அண்ணன் ஊட்டிய ரொட்டி

என் அண்ணனுக்கு அழுகை சீக்கிரம் வரும். வெளியூரிலிருந்து வந்து இறங்கியதும் அப்பாவின் மூக்கில் செருகியிருந்த டியூபைப் பார்த்தான். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினான்.

"ஏன்டி, மனுஷனை இப்படிப் பட்டினி போட்டு வச்சிருக்கியே?"

பட்டினியாம்! பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு அந்த டியூப் வழியாகத்தான். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, சிரிஞ்சால் உறிஞ்சி முந்தைய வேளை செரித்ததா என்று பார்த்து, சத்துப் பவுடர் கரைசலை மெதுவாக இறக்கி, தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, பிறகும் அவர் சரிந்துவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்திருப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். நீ தின்றாயா என்று என்னைக் கேட்க நாதியில்லை.

வெள்ளிக்கிழமை விழுங்கும் சோதனை. தேறினால் டியூபை எடுத்துவிடலாம். அதற்காகத் தினமும் அப்பாவோடு சேர்ந்து நானும் பைத்தியக்காரி மாதிரி நாக்கை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தேன். "அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டுகூடக் கூடாது. அவருக்குத் தொண்டையில உணர்ச்சி இல்ல. நுரையீரலுக்குள்ள போனாக்கூட இருமல் வராது" என்று அந்தப் பயிற்சியைக் கற்றுத்தந்த தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். அண்ணனிடம் இதைப் படித்துப் படித்துச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினான்.

வியாழன் மதியம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, டீயில் நனைத்த ரொட்டியை அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு.

"பார்த்தியா? மூணு துண்டு உள்ள போயிடுச்சு. ஒரு இருமல் உண்டா? நீயும் உன் தெரபிஸ்ட்டும்!"

"அப்பா, 'ஆ' சொல்லுங்க."

சொன்னார். குரல் களகளவென்று ஈரமாக வந்தது. போகக்கூடாத வழியில் டீ இறங்கிவிட்டதற்கு அடையாளம் அது.

"பாவி! இருமல் வராததுதான்டா ஆபத்து! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

அண்ணனை 'டா' போட்டது அன்றுதான் முதல் முறை.

"பெத்த அப்பனுக்கு ஒரு வாய் ஊட்டினது குத்தமா?" என்று மறுபடி அழ ஆரம்பித்தான்.

விடிவதற்குள் காய்ச்சல் கொதித்தது. நுரையீரலில் கிருமி. சோதனை நாளன்று அப்பா ஆக்சிஜனில் கிடந்தார். எப்படியோ பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி வாய் வழியாகச் சாப்பிடும் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் வயிற்றில் துளையிட்டு டியூப் வைத்துவிட்டார். அண்ணனுக்கு லீவு முடிந்தது. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அழுதவன் நல்லவனாகிவிட்டான், திட்டிய நான் ராட்சசி.

நேற்று அத்தை தன் அண்ணனைப் பார்க்க வந்திருந்தார். நான் ஒரு கையில் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, மறு கையால் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"வேளாவேளைக்குச் சாப்பிடறியா அண்ணா?"

அப்பா குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"எங்க... பையன் இருந்தப்ப... ஒரு நாள் போட்டான். இவ... போடறதே இல்ல."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. கையை இறக்கினால் அவர் வயிற்றுக்குள் போனது திரும்பி வந்துவிடும்.